இருபத்தொரு வயதுப் பட்டியல்

மைப்பெட்டியின் மூடியைத் திறந்ததுதான் அர்ச்சுனன் செய்த முதல் தப்பு.

எதிரே பதினெட்டு இளவட்டங்கள் நின்றிருந்தார்கள். ரப்பர்ப் பால் வெட்டு முடிந்து, வாளியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பழைய சோற்றுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். ஆபீசில் கணக்கெழுதுகிற சின்னக் கிராணி கூப்பிட்டாரே என்று மரியாதைக்கு நின்றார்கள். மூடி திறந்தது, உள்ளே ஊதா மை பளபளத்தது, அவ்வளவுதான். விடிகாலையில் ஆள் பேர் கூப்பிடும் அந்தப் பெரட்டுக் களத்தில் ஓர் ஈ காக்கை இல்லை.

"டேய்! எங்கடா ஓடுறீங்க? வோட்டுக்குப் பேரு பதியணும்டா! ஒங்க உரிமைடா!"

உரிமை ரப்பர் மரங்களுக்கு நடுவே எதிரொலித்துவிட்டுத் தனியாகத் திரும்பி வந்தது.

களத்துக்கு எதிரே ஆயாக் கொட்டகை. தாய்மார்கள் மரம் வெட்டப் போகையில் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். அங்கே இடுப்பில் ஒன்றும் தொட்டிலில் மூன்றுமாக நின்றிருந்த செல்லாயி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏன் தம்பி, மைப்பெட்டியக் காட்டுனா எவன் நிப்பான்? நாகப்பட்டணத்துல இப்படித்தான் ஒருத்தன் எங்கப்பன் கட்டவெரலப் புடிச்சான். சும்மா ஒரு தடவ அமுக்குன்னான். கண்ண முழிச்சிப் பாத்தா பினாங்கு."

"இது வேறக்கா. இது வோட்டு. ஒனக்குச் சொன்னா புரியாது."

"எனக்கு எதுக்குப் புரியணும்? எனக்குத்தான் வோட்டே இல்லையாமே. மரம் வெட்டப் பொம்பள வேணும், புள்ள பாக்கப் பொம்பள வேணும், வோட்டுப் போட மட்டும் மீச வேணுமாக்கும். நல்லா இருக்குலா ஒங்க நாயம்!"

அர்ச்சுனன் மைப்பெட்டியை மூடிக்கொண்டு ஆபீசைப் பார்க்க நடந்தான்.

மலாயாவில், சுங்காய் ஊரிலிருந்து நாலு மைல் தள்ளி இருக்கிற ஆத்தங்கரைத் தோட்டத்தில், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டாம் வருடம், இந்த வோட்டுக் கூத்து எப்படி வந்தது என்று கேட்டால் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. யார் ஓதினார்களோ, புது துரை ஒரு நாள் பெரட்டில் நின்று சொல்லிவிட்டார்: "இனிமே பஞ்சாயத்துத் தலைவர் எலக்சன். இருவத்தொரு வயசு ஆன ஆம்பளை எல்லாம் வோட்டு. கிராணி முதல் கூலி வரை. எல்லாரும் பேர் எழுது." அதற்காக ஆபீசில் ஒரு பெரிய நோட்டுப் புத்தகமும் வந்து சேர்ந்தது. பேர், தகப்பன் பேர், சொந்த ஊர், வயது, கல்யாணம் ஆனவரா இல்லையா, குறிப்பு என்று கோடு கிழித்திருந்தது. வோட்டுப் போடுவதற்கும் கல்யாணத்துக்கும் என்ன சம்பந்தம் என்று அர்ச்சுனன் மூக்கைச் சுளித்தான். வெள்ளைக்காரன் புத்தி அவ்வளவுதான் என்று விட்டுவிட்டான்.

அதுவரை அந்தத் தோட்டத்தில் பஞ்சாயத்து என்றால் கங்காணி ஐயாவு. புருசன் பெண்சாதி சண்டை, ஒருத்தன் ஆடு இன்னொருத்தன் கீரையை மேய்ந்த வழக்கு, கல்யாணத் தட்டு மாற்றுவது, எல்லாம் அவர்தான். கறுப்புக் கோட்டும் கக்கத்தில் குடையுமாக வந்து உட்காருவார். தீர்ப்புச் சொல்லும்போது குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டுவார். பெரியவர்களுக்கு அவர் வார்த்தைதான் சாமி வாக்கு. அவர் ஒரு தடவை "பேரு குடுங்கப்பா" என்றதும் நாற்பது பெரியவர்களும் பெரிய கிராணியிடம் போய்ப் பதிந்துவிட்டார்கள். இளவட்டங்கள்தான் நகரவில்லை. நமக்கெதுக்கு என்று இருந்தார்கள். அவர்களைப் பதிகிற வேலையை அர்ச்சுனன் தானாகக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இளைஞர் முன்னேற்றத்தில் அவனுக்கு ஏதோ அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த இளைஞர்களை அவன் தன் சப்பாத்தில் ஒட்டின சேற்றைப் பார்ப்பதைப் போலத்தான் பார்ப்பான். ஈப்போவில் ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவன். நடுவகிடு எடுத்தவன். தோட்டத்துக்கு வந்து ஒன்றரை வருடம் ஆகியும் ஒரு வீட்டில் ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. யாராவது வாஞ்சையாக, "தம்பிக்கு அப்பா அம்மா எங்க இருக்காங்க?" என்று கேட்டால், கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நடையைக் கட்டுவான்.

அப்பேர்ப்பட்டவனுக்குத் தலைவர் பதவி எதற்கு? மங்களத்துக்காக.

மங்களம் கங்காணியின் ஒரே மகள். மாரியம்மன் திருவிழாவில் அவள் இவனை மூன்று தரம் திரும்பிப் பார்த்தாள் என்பது இவன் கணக்கு. மூன்றாவது தரம் அவள் பார்த்தது இவனுக்குப் பின்னால் நின்ற கிடாயை என்று செல்லாயி சொல்லுவாள். எப்படியோ, அன்று முதல் அவனுக்குச் சோறு இறங்கவில்லை. உண்மையாகவே இறங்கவில்லை, அதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் போய்ப் பெண் கேட்க வேண்டியதுதானே? கேட்க மாட்டான். போன வருடம் துரை முன்னாலேயே கங்காணியின் ஆள் கணக்கைத் தப்பு என்று காட்டி, "படிக்காதவங்க இப்படித்தான்" என்று சிரித்திருக்கிறான். அந்த மனிதர் வீட்டுப் பாயில் போய் உட்கார்ந்து, அவர் 'இல்லை' என்று சொல்லிவிட்டால்? ஏழாம் வகுப்பு என்ன ஆவது?

ஆகையால் ஒரு வழி கண்டுபிடித்தான். கங்காணியைத் தோற்கடித்துத் தலைவராகிவிட்டால், தோட்டத்துக் கல்யாணமெல்லாம் தன் கையில். அப்புறம் தலைவருக்குப் பெண் இல்லை என்று சொல்ல ஐயாவுக்கு எங்கிருந்து தைரியம் வரும்? ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவதற்குப் பயந்து ஒரு தோட்டத்தையே தலைகீழாக்கக் கிளம்பினவனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் மைப்பெட்டியை ஒளித்துவிட்டு சீனியைக் கூப்பிட்டான். சீனி இளவட்டங்களுக்கு ராஜா. வேலைக்கு வராமல் இருப்பதற்கு வருடத்தில் முந்நூறு காரணம் வைத்திருப்பவன். கள்ளுக்கடை திறக்கும்போது உள்ளே போனால், கடைக்காரன் தூக்கி வெளியே வைத்துவிட்டுத்தான் கதவைச் சாத்த முடியும்.

"சீனி, மை கெடயாது. வாயால பேரு சொன்னா போதும். பயலுவள கூட்டிட்டு வா."

"பேரு எதுக்குண்ணே?"

"பட்டியல்ல எழுத."

"பட்டியல் எதுக்கு? பாகான் டத்தோ தென்னந்தோப்புக்கு ஆள் புடிக்கிறாங்கன்னு பேச்சு. உப்புத் தண்ணி, ஆள் உயரத்துக்குக் கொசுவாம். அதுக்குத்தானே இது?"

"அடச்சீ! இது வோட்டுடா மடையா!"

"வோட்டுன்னு சொல்லித்தான் கூட்டிட்டுப் போவாங்களாம்."

மறுநாள் பதினொரு பேர் வந்து பேர் கொடுத்தார்கள். அர்ச்சுனன் பூரித்துப்போய் முத்து முத்தாக எழுதினான். சாயங்காலம் பெரிய கிராணி படித்துப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். பதினொரு பேரில் மூன்று பேர் இரண்டு வருடத்துக்கு முன்பு வந்த பெரிய வெள்ளத்தில் செத்துப்போனவர்கள். நாலு பேர் தங்களைச் சன்னாசி என்று சொல்லியிருந்தார்கள். தோட்டத்தில் இருந்தது ஒரே ஒரு சன்னாசி. அது வண்டி மாடு.

"மாட்டுக்குத் தகப்பன் பேரு வேற எழுதியிருக்கியே அர்ச்சுனா!" என்றார் பெரிய கிராணி.

அர்ச்சுனன் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சீனியைப் பிடித்தான். இந்தத் தடவை குரலைத் தாழ்த்தி, பத்திரிகையில் படித்ததையெல்லாம் எடுத்துவிட்டான். வாலிபர்கள் விழிக்க வேண்டும் என்றான். இளைய தலைமுறையின் கையில்தான் நாளைய உலகம் என்றான். சீனி கொட்டாவியை முடித்துவிட்டுக் கேட்டான்:

"சரிண்ணே. பேரு குடுத்தா என்ன கெடைக்கும்?"

"கௌரவம் கெடைக்கும்."

"அத எதுல ஊத்திக் குடிக்கிறது?"

அர்ச்சுனனுக்கு அழுகை வந்தது. நோட்டைப் புரட்டினான். கண் அந்தக் கல்யாணக் கட்டத்தில் போய் விழுந்தது. புத்தி எப்போதும் தப்பான நேரத்தில்தானே வேலை செய்யும்!

"இங்க பாரு. கல்யாணம் ஆகாதவன்னு எழுதி, தொரை முத்திர குத்தி, ஆபீஸ் பலகையில ஒட்டுவாங்க. பொண்ணு வச்சிருக்கவன் எல்லாம் வந்து பாப்பான். தொரையே சொன்ன மாப்பிள்ளைன்னா சும்மாவா?"

சீனி முதல் தடவையாகக் கண்ணை முழுசாகத் திறந்தான்.

தோட்டத்தில் அப்போது ஆண்கள் மூன்று பேருக்கு ஒரு பெண் இருந்தால் அதிகம். கல்யாண வயதில் ஒரு பெண் இருக்கிற வீட்டு வாசலில் எந்நேரமும் நாலு பேர் விறகு வெட்டிக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த நிலைமையில் சின்னக் கிராணி சொன்னது பொழுது சாய்வதற்குள் கூலிகள் குடியிருக்கிற ஒவ்வொரு லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

மறுநாள் ஆபீஸ் வாசலில் வரிசை. மகன்களை இழுத்துக்கொண்டு தாய்மார்கள். பாகான் டத்தோவாவது கொசுவாவது, ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. முதலில் நின்றவள் சீனியின் ஆத்தாள் ராக்காயி.

"எழுதுங்க தம்பி. சீனி. தகப்பன் பேரு கருப்பன். சேலம் ஜில்லா."

"வயசு?"

ராக்காயி யோசித்தாள். "இருவத்தொண்ணுக்குக் கீழ சொன்னா நீங்க எழுத மாட்டீங்க. மேல சொன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க. அப்ப இருவத்தொண்ணுதான்."

"நெச வயச சொல்லும்மா!"

"அவன் பொறந்தப்ப எங்க செவலப் பசு செத்துச்சு. அது எந்த வருசம்னு கண்டுபுடிச்சி நீங்களே எழுதிக்குங்க."

பின்னால் நின்ற தாய்மார்களுக்கு அந்தக் கணக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. அப்புறம் வந்த அத்தனை பேரும் இருபத்தொன்று. மீசை முளைக்காத பையன்கள் அடுப்புக்கரியில் மீசை வரைந்துகொண்டு வந்தார்கள். மழைத் தூறலில் அது வாய்க்குள் வழிந்தது. அர்ச்சுனன் அவர்களை விரட்டினான். விரட்டின ஐந்தாவது நிமிடம், தலைமுடி முழுக்கப் புகைக்கரி பூசிக்கொண்டு கிழவன் மாயாண்டி வந்து நின்றார்.

"எனக்கும் இருவத்தொண்ணு முடிஞ்சிருச்சி தம்பி."

"எப்ப முடிஞ்சிச்சி?"

"அது முடிஞ்சி ஆச்சு ஒரு நாப்பது வருசம். அதுக்கென்ன இப்ப? சம்சாரம் தவறிப்போச்சில்ல, அந்தக் கட்டத்துல சரியா எழுதுங்க."

கிழவரின் பேர் பெரியவர்கள் பட்டியலில் ஏற்கெனவே இருந்தது. அதை அடித்துவிட்டு இதில் எழுதினால்தான் நகருவேன் என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டார். சூசா பிடித்த மனிதர், தொல்லை கொடுக்காமல் நகர மாட்டார். எழுதித்தான் தொலைக்க வேண்டியிருந்தது.

நாலு நாளில் அறுபத்து மூன்று பேர். அறுபத்து மூன்று பேரும் ஒரே வருடம் பிறந்தவர்கள். அர்ச்சுனன் ராத்தூக்கம் கெட்டுக் கூட்டிப் பார்த்தான்: கங்காணிக்கு முப்பத்தொன்பது கிழடுகள், தனக்கு அறுபத்து மூன்று காளைகள். ஜெயித்தாயிற்று! துரை கிராணி முதல் என்றுதானே சொன்னார் என்று தன் பேரையும் எழுதப் பேனாவை எடுத்தான். வண்டி மாட்டை எழுதின நோட்டில், கரி பூசின கிழவனுக்குப் பக்கத்தில் தன் பேரா? கையே கூசிற்று. தனக்குத் தானே வோட்டுப் போட்டுக்கொள்வதெல்லாம் ஐயாவு மாதிரி ஆட்களுக்குத்தான் என்று பேனாவை மூடி வைத்துவிட்டான்.

"அண்ணே, அறுவத்து மூணு பேர கூட்டியாந்தது நானு," என்று வந்து நின்றான் சீனி. "எம் பேருக்கு நேரா அந்தக் கடைசிக் கட்டத்துல நல்லதா நாலு வார்த்த எழுதுங்க. இல்லாட்டி பயலுவள கங்காணி பக்கம் திருப்பிருவேன்."

"என்னடா எழுதணும்?"

"அத நீங்கதான்லா சொல்லணும். படிச்சவரு."

அர்ச்சுனன் கண்ணை மூடிக்கொண்டு எழுதினான். 'உத்தமன். கள்ளைத் தொடாதவன். ஒரு நாளும் வேலைக்குத் தவறாதவன். தாய் சொல் தட்டாதவன்.' கீழே கையெழுத்தும் போட்டான். துரை தமிழ் படிக்கத் தெரியாமல் முத்திரை குத்தினார்.

பட்டியலைப் பலகையில் ஒட்டினார்கள். பக்கத்துத் தோட்டங்களிலிருந்தெல்லாம் ஆள் வந்து பார்த்தது. ஆனால் எல்லாரையும் விட அதிக நேரம் பார்த்தவர் கங்காணி ஐயாவு. எழுதத் தெரியாவிட்டாலும் எழுத்துக்கூட்டிப் படிப்பார். முதல் நாள் மேலிருந்து கீழே விரலை ஓட்டிப் படித்தார். மறுநாள் கீழிருந்து மேலே படித்தார். மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடியை இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். ஜன்னல் வழியே பார்த்த அர்ச்சுனனுக்குக் குளுகுளு என்று இருந்தது. பயந்துவிட்டான் கிழவன்! தன் தோல்வியை எண்ணிப் பார்க்கிறான்!

வெளியே வந்து தொண்டையைக் கனைத்தான்.

"என்ன கங்காணி, ரொம்பப் பாக்குறீங்க?"

ஐயாவு குடையைக் கைமாற்றிக்கொண்டார். "ஒண்ணுமில்ல தம்பி. இவ்வளவுதானா? எல்லாரையும் எழுதியாச்சா?"

"எல்லாரையும் எழுதியாச்சு."

"யாரும் விடுபட்டுப் போகலையே? இன்னும் ஒரு பேரு ரெண்டு பேரு பாக்கி இருந்தா..."

கடைசி நேரத்தில் தன் பக்கத்துக்கு ஆள் சேர்க்கப் பார்க்கிறார் என்று அர்ச்சுனனுக்குப் பட்டது. நிமிர்ந்து நின்றான்.

"தகுதி உள்ளவன் எல்லாம் இதுல இருக்கான். இதுல இல்லாதவன்னா ஒண்ணு, வயச மறைக்கிறவனா இருப்பான். இல்ல, ஊருல பொண்டாட்டி புள்ளய விட்டுட்டு வந்து இங்க ஒண்ணும் தெரியாத மாதிரி திரியறவனா இருப்பான். அவனுங்களுக்குத்தான் பேரு குடுக்கப் பயம்."

ஐயாவு அவன் முகத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். அப்புறம் பட்டியலைப் பார்த்தார்.

"அப்படியா தம்பி," என்றார். "நல்ல வேள, நீங்களே சொன்னீங்க." மெதுவாக நடந்து போனார். அன்றைக்குக் குடையை விரிக்கக்கூட மறந்து வெயிலிலேயே போனார்.

"அடிச்சேன் பாரு!" என்று அர்ச்சுனன் உள்ளே போய்ச் சப்பாத்துக்கு மெருகு போட்டான்.

ஞாயிற்றுக்கிழமை எலக்சன். பெரட்டுக் களத்தில் துரைக்கு நாற்காலி. ஓரத்தில் கோணிச்சாக்கால் ஒரு மறைப்பு. மறைப்புக்குள் இரண்டு பால் வாளிகள். எழுத்தறியாத ஜனத்துக்காக இந்த ஏற்பாட்டைச் செய்தவன் நம் அர்ச்சுனன்தான். ஆளுக்கு ஒரு ரப்பர் விதை. குடை படம் போட்ட வாளி கங்காணிக்கு, சப்பாத்துப் படம் போட்டது தனக்கு. வேண்டிய வாளியில் விதையைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். எவ்வளவு சுலபம்! ரப்பர் தோட்டத்தில், காலடியெல்லாம் ரப்பர் விதை கொட்டிக் கிடக்கிற இடத்தில், ரப்பர் விதையை வோட்டாக வைத்த மேதையை என்ன சொல்ல?

வாளியைக் கவிழ்த்து எண்ணினார்கள். வோட்டர்கள் நூற்றிரண்டு பேர். விதை அறுநூற்றுப் பதினொன்று. அது போக, குடை வாளியில் பாதி கடித்த ஒரு வெற்றிலை.

துரை எழுந்து வந்து குவியலைச் சப்பாத்துக் காலால் தள்ளிப் பார்த்தார். "கிராணி! இது எலக்சனா? நாத்துப் போடப் போறியா?"

"ஒவ்வொருத்தனும் ஒண்ணுதான் போடணும்னு சொன்னேன் துரை..."

"நீங்கதானேண்ணே நெறைய வோட்டு விழணும்னீங்க?" என்றான் சீனி, மடியை உதறிக்கொண்டே. மடியிலிருந்து இன்னும் பத்து விதை விழுந்தது.

கூட்டம் சிரித்தது. அர்ச்சுனன் அவசரத்தில் ஒரு யோசனை சொன்னான்: விதை வேண்டாம், வாளி வேண்டாம், யாருக்கு யார் வேண்டுமோ அவர் பின்னால் போய் நிற்கட்டும். தலையை எண்ணிவிடலாம். தலையை யாரும் மடியில் கட்டிக்கொண்டு வர முடியாதல்லவா?

துரை சரி என்றார்.

கங்காணி ஒரு பக்கம் நின்றார். அர்ச்சுனன் ஒரு பக்கம் நின்றான். பெரியவர்கள் எல்லாரும் நேராகப் போய்க் கங்காணிக்குப் பின்னால் நின்றார்கள். இளவட்டங்கள் அறுபத்து மூன்று பேரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். பெண் வைத்திருக்கிற தகப்பன் ஒவ்வொருவனும் கங்காணி வரிசையில் நின்றுகொண்டிருந்தான். வருங்கால மாமனாருக்கு எதிர்ப்பக்கத்தில் நிற்க எவனுக்குப் பைத்தியம்? கிழவன் மாயாண்டிதான் முதலில் ஓடினார். பின்னாலேயே அத்தனை பேரும் அடித்துப் பிடித்துக்கொண்டு மாமனார்களைத் தேடி ஓடினார்கள்.

அர்ச்சுனன் திரும்பிப் பார்த்தான். பின்னால் ஒருத்தருமில்லை. சன்னாசி மட்டும் வண்டியோடு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"டேய் சீனி!" என்றான் பரிதாபமாக.

சீனி காது கேளாதவன் மாதிரி மேகத்தைப் பார்த்தான்.

மங்களம் பெண்கள் கூட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். போச்சு, எல்லாம் போச்சு, இனி அந்த முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று அர்ச்சுனன் நின்றான்.

அப்போது கங்காணி ஐயாவு குடையைத் தரையில் ஒரு தட்டு தட்டினார்.

"எல்லாரும் அந்தப் பக்கம் போங்கப்பா."

ஒருவருக்கும் புரியவில்லை.

"போங்கன்னா போங்க. தொரை, எனக்கு இந்தத் தலைவர் வேல வேணாம். எங்க வீட்டுல கல்யாண வேல கெடக்கு. சொந்த மகளுக்கு நானே தட்டு மாத்திக் குடுக்க முடியாது, அது முறையில்ல. தம்பியே தலைவரா இருக்கட்டும்."

அவரே முதலில் நடந்து வந்து அர்ச்சுனனுக்குப் பின்னால் நின்றார். நூற்றிரண்டு பேரும் பின்னால் வந்து நின்றார்கள். கங்காணி பக்கம் பூஜ்யம். துரை கைதட்டினார்.

அர்ச்சுனனுக்குக் காதில் வேறு எதுவும் விழவில்லை. கல்யாண வேலை! மங்களத்துக்குக் கல்யாணம்! மகளைக் கட்டப்போகிறவன் மரியாதையாக இருக்கட்டும் என்றல்லவா கிழவன் பதவியையே தூக்கிக் கொடுக்கிறான்! வகிட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டான். காலரை இழுத்துவிட்டுக்கொண்டான். மங்களத்தைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் சிரித்தான்.

கங்காணி வெற்றிலை பாக்கு, தேங்காய், பழத்தோடு ஒரு தட்டைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தார்.

"தலைவர் கையால மொத தட்டு. மாத்திக் குடுங்க தம்பி."

"யாரு... யாருகிட்ட மாத்தணும்?" அர்ச்சுனனுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"வா ராக்காயி," என்றார் கங்காணி.

ராக்காயி புதுச்சேலை சரசரக்க இன்னொரு தட்டோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் நெற்றி நிறைய விபூதியோடு சீனி. குளித்திருந்தான். அதுவே ஓர் அதிசயம்.

"சீனிக்கா?" அர்ச்சுனனுக்குக் குரல் கீச்சென்று வந்தது. "கங்காணி, அவன்... அவனப் பத்தி ஒங்களுக்கு..."

"நானா பாத்தேன் தம்பி? நீங்க எழுதுனதத்தானே நம்புனேன். கள்ளத் தொடாதவன், வேலைக்குத் தவறாதவன், உத்தமன். கீழ ஒங்க கையெழுத்து, தொரை முத்திர. என்ன, பொய்யா எழுதியிருந்தீங்களா?"

துரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பொய் என்றால் வேலை போகும். மெய் என்றால் மங்களம் போவாள்.

"மெய்தான்," என்றான் அர்ச்சுனன்.

"அப்ப கேளுங்க. முறைப்படி மூணு தரம்."

பெண் வீட்டாருக்குச் சம்மதமா என்று மூன்று தரம் கேட்டான். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சம்மதமா என்று மூன்று தரம் கேட்டான். தன் கையாலேயே தட்டை மாற்றிக் கொடுத்தான். மங்களம் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குப் போனாள். சீனி வந்து காலில் விழுந்தான்.

"தலைவரே, ஒங்க புண்ணியம்!"

கூட்டம் பந்திக்குக் கலைந்தது. அர்ச்சுனன் எங்கே போவதென்று தெரியாமல் நடந்து, ஆயாக் கொட்டகை வாசலில் போய் நின்றான். செல்லாயி தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தாள். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்து முதல் தடவையாக அவள் சிரிக்கவில்லை. அடுக்களைப் பக்கம் போய் ஒரு லோட்டாவில் காப்பி கொண்டுவந்து நீட்டினாள். அவனும் முதல் தடவையாக வாங்கிக் குடித்தான்.

"அக்கா," என்றான். "அந்தப் பொண்ணுக்காகத்தான் இவ்வளவும் பண்ணேன். போயும் போயும் அந்தக் குடிகாரனுக்குக் குடுத்தாரே! எனக்குக் குடுக்கக் கூடாதுன்னே செஞ்சிருக்காரு. எம்மேல அவருக்கு அப்படி என்ன கோவம்?"

"கோவமா?" என்றாள் செல்லாயி. "பொண்ணு வீட்டுக்காரன் வலியப் போயி ஒங்க ஊரு என்ன, வயசு என்ன, கல்யாணம் ஆச்சான்னு கேக்க முடியாதேன்னு, அந்த மனுசன் நாலு மாசம் தொரை பங்களாவுக்கு நடையா நடந்து இந்த எலக்சனையே வர வச்சாருலா, கடைசியில ஒங்க பேரு ஒண்ணுதான் தம்பி அதுல இல்ல."